வீரகுமாரர்களின் வாள்

அர்ச்சுனன் தன் வில்லைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் ஆரம்பிக்கிறது பெங்களூர் கரகத்தின் கதை. திரௌபதியின் படைக்குக் கிடைத்த வாள்கள் ஆண்டுக்கொருமுறை தெருவுக்கு வருகின்றன. அவை காக்கும் ஊர்தான் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

சைத்ர மாதப் பௌர்ணமி. நள்ளிரவு தாண்டிவிட்டது. பகலில் கைவண்டியும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் பெங்களூர் திகளரபேட்டையின் சந்துகளில் இப்போது கால் வைக்க இடமில்லை. தர்மராயசுவாமி கோயிலின் வாசலைப் பார்த்தபடி ஆயிரக்கணக்கான ஆண்கள் நிற்கிறார்கள். வேட்டி, தலைப்பாகை, கையில் உறையில்லாத வாள். சிலருடைய வாளின் முனையில் எலுமிச்சம் பழம். கதவு திறக்கிறது. மஞ்சள் புடவை, கை நிறைய வளையல், கழுத்தில் தாலி, தலைமேல் மல்லிகையால் மூடிய கோபுரம் போன்ற கரகம். வெளியே வருபவர் ஓர் ஆண். ஒரு கையில் குறுவாள், மறு கையில் சிறு கோல். கரகத்தை அவர் கையால் தொடுவதில்லை; தலை அசைவிலேயே அது நிற்கிறது. "கோவிந்தா" என்ற முழக்கத்தோடு வாள்கள் மேலே எழுகின்றன. நான்கு பக்கமிருந்தும் மல்லிகை கொட்டுகிறது.

அந்த வாள்கள் எதற்கு? ஊர்வலத்துக்கு அழகு சேர்க்க என்று நினைத்தால் தவறு. கரகம் சுமப்பவர் தடுமாறி அது கீழே விழுந்தால், சுற்றி நிற்கும் வீரகுமாரர்களே அவரை வெட்ட வேண்டும் என்பது ஐதீகம். இன்று அதை யாரும் நிறைவேற்றப் போவதில்லை. ஆனால் ஐதீகத்தை யாரும் கைவிடவும் இல்லை. காவலுக்கு வந்திருக்கும் வாள், காக்கப்படுபவரின் கழுத்துக்கும் குறி வைத்திருக்கிறது. உலகப் புராணங்களில் மாய ஆயுதங்களுக்குப் பஞ்சமில்லை. இப்படி உள்நோக்கித் திரும்பியிருக்கும் ஆயுதம் அபூர்வம்.

இன்றைய பிள்ளைகளுக்கு மாய ஆயுதம் என்றால் தோரின் சுத்தியல்தான் முதலில் நினைவுக்கு வரும். தகுதியுள்ளவன் மட்டுமே தூக்க முடியும் என்ற நிபந்தனை அமெரிக்க காமிக்ஸ் புத்தகக்காரர்கள் 1960களில் சேர்த்தது. பழைய வடதேசக் கதைகளில் தோர் அதைப் பிடிக்க இரும்புக் கையுறையும் பலம் தரும் இடுப்புப் பட்டையும் போட்டுக்கொண்டான். தகுதிப் பேச்சே இல்லை. ஆனால் காமிக்ஸ்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ நம்மூர் வழிக்கு வந்துவிட்டார்கள். மகாபாரதத்தில் எந்த அஸ்திரமும் சும்மா கிடைப்பதில்லை. எல்லாம் இரவல். எல்லாவற்றுக்கும் நிபந்தனை.

கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பரசுராமரிடம் குலத்தை மறைத்துப் பிரம்மாஸ்திரம் கற்றான். மடியில் தலை வைத்து உறங்கிய குருவை எழுப்பக்கூடாதென்று, தொடையை வண்டு துளைத்தபோதும் அசையாமல் இருந்தான். அந்தப் பொறுமையே அவனைக் காட்டிக்கொடுத்தது. தேவைப்படும் நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்று சாபம். கவச குண்டலங்களைக் கொடுத்து இந்திரனிடம் வாங்கிய சக்தி ஆயுதத்தை ஒரே ஒரு முறைதான் எறியலாம். அர்ச்சுனனுக்காக வைத்திருந்ததைப் பதினாலாம் நாள் இரவில் கடோத்கஜன் மேல் செலவழிக்க வேண்டியதாயிற்று. பாசுபதத்தை அர்ச்சுனனிடம் கொடுத்த சிவன், எளியவர்கள் மேல் அவசரப்பட்டு விடாதே, உலகமே எரிந்துவிடும் என்று எச்சரித்துத்தான் கொடுக்கிறார். அசுவத்தாமன் ஒரு புல்லை எடுத்து மந்திரித்து விட்ட அஸ்திரத்தைத் திரும்ப அழைக்க அவனுக்குத் தெரியவில்லை. எதிர் அஸ்திரம் விட்ட அர்ச்சுனன் முனிவர்கள் சொன்னதும் தன்னுடையதைத் திரும்பப் பெற்றான். அசுவத்தாமனுடையது பாண்டவர் வீட்டுக் கர்ப்பங்களின் மேல் போய் விழுந்தது. ஏவத் தெரிவது பாதி வித்தை, திரும்ப அழைப்பது மீதி. இதைவிடத் தெளிவாக ஆயுதங்களைப் பற்றி யோசித்த இலக்கியம் குறைவு.

பெங்களூரில் இந்தப் பெயர்களுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. விமானத்திலிருந்து போடும் குண்டை லேசர் ஒளியால் இலக்குக்கு வழிநடத்தும் கருவியை இங்குள்ள விமானவியல் மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கியபோது அதற்கு வைத்த பெயர் சுதர்சன். பெங்களூரில் தயாராகும் தேஜஸ் விமானம் 2023இல் கோவா கடலுக்கு அப்பால் சோதனையாக ஏவிய ஏவுகணையின் பெயர் அஸ்த்ரா. பினாகா, நாக், வருணாஸ்த்ரா என்று பட்டியல் நீளும். பெயரைக் கடன் வாங்கியவர்கள் நிபந்தனைகளையும் சேர்த்து வாங்கினார்களா என்பது வேறு கதை. ஆயுத பூஜையன்று இதே ஊரில் கம்ப்யூட்டர் திரைகளுக்கும் குங்குமம் வைக்கிறார்கள்.

திகளரபேட்டையின் வாளுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள மகாபாரதத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போக வேண்டும். வழக்கமாகக் கதாகாலட்சேபக்காரர்கள் வேகமாகக் கடந்துபோகும் பக்கங்கள் அவை. கிருஷ்ணன் மறைந்தபின் துவாரகையின் பெண்களை அழைத்துக்கொண்டு வருகிறான் அர்ச்சுனன். வழியில் தடி ஏந்திய கொள்ளையர்கள் பாய்கிறார்கள். காண்டீபத்தை நாணேற்றவே திணறுகிறான். அஸ்திர மந்திரங்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வற்றாத தூணியில் அம்புகள் தீர்ந்துபோகின்றன. குருட்சேத்திரத்தை வென்றவன் கண்ணெதிரே பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதன்பிறகு, பாண்டவர்கள் எல்லாவற்றையும் துறந்து வடக்கே நடக்கும்போது அக்கினி வழிமறித்து நிற்கிறான். காண்டவ வனத்தை எரிக்கும்போது வருணனிடமிருந்து வாங்கித் தந்த வில், அதைத் திருப்பிக் கொடு என்கிறான். அர்ச்சுனன் காண்டீபத்தையும் தூணிகளையும் நீரில் போடுகிறான்.

(இங்கிலாந்தின் ஆர்தர் அரசன் கதையிலும் இப்படித்தான். எக்ஸ்காலிபர் என்ற அவன் வாளை ஏரியில் எறிந்துவிட்டு வரச் சொல்லி அனுப்புகிறான். அனுப்பப்பட்ட வீரனுக்கு மனசு வரவில்லை; எறிந்துவிட்டதாக இரண்டு தடவை பொய் சொல்கிறான். மூன்றாவது தடவை எறிந்ததும் நீருக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்கிறது. இரண்டு தேசத்துக் கதைசொல்லிகளுக்கும், வீரம் முடிந்தால் ஆயுதம் தண்ணீருக்குப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.)

வில்லைக் கொடுத்தபிறகு இமயத்தில் முதலில் விழுபவள் திரௌபதி. வியாசர் கதையில் கணவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். கரகத்தின் கதை இங்கேதான் திரும்புகிறது. பரவலாகச் சொல்லப்படும் வடிவம் இது: பின்தங்கி மயங்கிக் கிடந்த திரௌபதி கண் விழிக்கும்போது எதிரே திமிராசுரன் என்ற அரக்கன். காப்பாற்றக் கணவர்கள் இல்லை. இருந்தாலும் அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. அவள் ஆதிசக்தியாக வடிவெடுக்கிறாள். அவள் தோள்களிலிருந்து வாள் ஏந்திய வீரகுமாரர்கள் பிறக்கிறார்கள். கோயிலின் மற்ற பணிகளைச் செய்யும் பரம்பரைகளும் அவள் உடலின் ஒவ்வோர் உறுப்பிலிருந்து வந்தவைதான். அசுரன் ஒழிந்தபின் அந்தப் பிள்ளைகள் அம்மாவைப் போக விடவில்லை. ஆண்டுக்கு மூன்று நாள் உங்களிடம் வந்து தங்குவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவள் போகிறாள். அந்த மூன்று நாள்தான் கரகம்.

தேவர்கள் இரவல் கொடுத்த ஆயுதங்கள் எல்லாம் திரும்பிப் போனபின், ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து வந்த ஆயுதங்கள் இவை. இவற்றைத் திருப்பிக் கேட்க எந்த தேவனுக்கும் உரிமையில்லை. சூதாட்டச் சபையில் ஐந்து மாவீரர்களின் ஆயுதமும் அவளுக்கு உதவவில்லை என்பதை நினைத்தால், இந்தக் கதையைக் கட்டியவர்கள் எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

கட்டியவர்கள் யார்? கரகம் திகளர் என்னும் வஹ்னிகுல க்ஷத்ரிய சமூகத்தின் திருவிழா. திகள, திகுள என்பது கன்னடத்தில் தமிழரைக் குறிக்கும் பழைய சொல். தலைமுறை தலைமுறையாகக் காய்கறியும் பூவும் பயிரிட்ட தோட்டக்காரர்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்துக்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து இவர்களில் பலர் அழைத்து வரப்பட்டதாகச் சொல்வதுண்டு. அதற்கும் முன்பே வந்தவர்கள் என்று சொல்வோரும் உண்டு. வஹ்னி என்றால் நெருப்பு. தமிழ்நாட்டு வன்னியர்களோடு உறவு கொண்டாடும் இவர்கள், அக்கினியில் பிறந்த திரௌபதியைக் குலதெய்வமாகக் கொண்டதில் வியப்பில்லை. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தில் ஆயுதங்களைப் பிணம்போலக் கட்டி ஒளித்து வைத்த மரத்துக்கும் தமிழில் வன்னி என்றுதான் பெயர்.

திரௌபதி வழிபாட்டின் தாய்வீடு செஞ்சி வட்டாரம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் அந்த வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தீமிதியும் இலங்கை உடப்பு ஊரின் தீமிதியும் அந்த வேரிலிருந்து கிளைத்தவைதான். வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று வடதமிழ்நாட்டுக் கிராமங்களில் பாரதம் ஓடும். அந்த மரபு மாய ஆயுதங்களை வைத்து என்ன செய்கிறது என்று பார்த்தால் பெங்களூர் வாளின் குணம் இன்னும் விளங்கும்.

ஒன்று, போத்துராஜன் கதை. வியாசரிடம் இல்லை, கூத்தில் இருக்கிறது. பாண்டவர்கள் போரில் வெல்லக் காண்டீபமும் கதையும் போதாது. சிவானந்தபுரியை ஆளும் போத்துராஜனிடம் இருக்கும் பூஜைப் பொருட்கள் வேண்டும். வீரபம்பை என்னும் மேளம், சாட்டை, மஞ்சள் பெட்டி. இவற்றை வாங்கக் கிருஷ்ணன் கிழவியாகவும் அர்ச்சுனன் இளம்பெண்ணாகவும் வேடம் போட்டுப் போகிறார்கள். பிரம்மாஸ்திரம் படித்தவன் ஒரு மேளத்துக்காகப் புடவை கட்டிக்கொண்டு போகிறான்! ஏமாந்த போத்துராஜன் பிறகு பாண்டவரின் தங்கையை மணந்து, திரௌபதி கோயில்களின் காவல்காரனாகவே நின்றுவிடுகிறான். பெங்களூர் தர்மராயசுவாமி கோயிலிலும் அவனுக்கு இடமுண்டு. கிராமத்தில் கைக்கு எட்டுவது எதுவோ அதுவே அஸ்திரம் என்பது கூத்துக்காரர்களின் கணக்கு.

இன்னொன்று, அர்ச்சுனன் தபசு. மாமல்லபுரத்துப் பாறையில் இருப்பது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். கூத்து நடக்கும் ஊரில் சந்தேகமே இல்லை. ஊருக்கு வெளியே நட்ட உயரமான கம்பத்தில் அர்ச்சுன வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறார். பாசுபதம் வாங்கப் போகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம் பழத்தையும் பூவையும் மடி ஏந்திப் பிடிக்கிறார்கள். உலகத்தை எரிக்கும் ஆயுதத்துக்கான தவம், மடிக்கு ஒரு பழமாக வந்து சேர்கிறது. கர்ப்பத்தைக் கருக்கிய அசுவத்தாமன் அஸ்திரத்துக்கு இதைவிட நேரான பதில் எந்தப் புராணத்திலும் கிடையாது.

மேளம், சாட்டை, எலுமிச்சம் பழம். இந்த வரிசையில் வைத்துத்தான் வீரகுமாரர்களின் வாளையும் பார்க்க வேண்டும்.

அதை எல்லாரும் எடுத்துவிட முடியாது. சமூகத்துக் குடும்பங்களில் பிறந்த ஆண்கள் தீட்சை பெற்று வீரகுமாரர் ஆகிறார்கள். திருவிழா நாட்களில் விரதம், கையில் காப்பு. ஆண்டு முழுக்க வாள் வீட்டில் பூஜைக்குரிய பொருள். பழைய பேட்டைப் பகுதியின் கரடி மனைகளுக்கும் கரகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. (மிருகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கரடி மனை என்றால் உடற்பயிற்சிக் கூடம். தமிழிலும் ஒரு காலத்தில் கரடிக்கூடம் என்ற சொல் வழங்கியது.) மண் தரையும் கர்லாக்கட்டையும் உள்ள அந்தக் கூடங்களில் உரமேறிய உடம்புகள்தான் கரகம் சுமக்கவும் வாள் பிடிக்கவும் வந்தன. கரகம் சுமப்பவருக்கு விரதம் இன்னும் கடுமை. மனைவி தன் தாலியைக் கழற்றி அவருக்குத் தருகிறார். திருவிழா முடியும்வரை அவர் கணவர் இல்லை, திரௌபதி. முடிந்தபின் மீண்டும் தாலி கட்டிக்கொள்கிறார்.

வாளின் உச்சகட்டம் அலகு சேவை. கன்னடத்தில் அலகு என்றால் வாளின் தகடு. தமிழிலும் அதே பொருள்தான். மாரியம்மன் கோயிலில் குத்திக்கொள்ளும் அலகும் இதுவே. வெற்று மார்போடு நிற்கும் வீரகுமாரர்கள் தெய்வத்தை அழைத்துக்கொண்டு வாளால் தம் நெஞ்சிலேயே அடித்துக்கொள்கிறார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் வாள் காயப்படுத்தாது என்பது நம்பிக்கை. பகுத்தறிவாளர்கள் வாளின் கூர்மையைப் பற்றியும் அடியின் கோணத்தைப் பற்றியும் கேள்வி கேட்கலாம், நியாயம்தான். ஆனால் சடங்கின் தர்க்கம் தெளிவாக இருக்கிறது. கர்ணனுக்கு மந்திரம் மறந்தது போர்க்களத்தில் தெரிந்தது. இங்கே தகுதி இருக்கிறதா என்று வாளிடம் முதலிலேயே கேட்டுக்கொள்கிறார்கள், அதுவும் தன் நெஞ்சில் வைத்து. கரகம் சுமப்பவருக்கு எதிரே நீளும் வாளும் அதே கேள்வியின் இன்னொரு பக்கம்.

சங்க காலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் கட்டிடத்துக்குள் அடுக்கி வைத்த ஆயுதங்களைப் பார்த்துப் பாராட்டுவதுபோல் கிண்டல் செய்தார். எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். அவர் திகளரபேட்டைக்கு வந்தால் குழம்பிப் போவார். இந்த வாள்கள் பூஜையறையில்தான் இருக்கின்றன, யாரையும் வெட்டியதில்லை. ஆனாலும் வேலை இல்லாமல் இல்லை.

என்ன வேலை? கரகம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தெரியும். பௌர்ணமிக்கு முன்பு நடப்பது ஹசி கரகம், அதாவது பச்சைக் கரகம். சம்பங்கி ஏரியின் கரையில் ரகசியமாகப் பூஜை செய்து, மண்கலத்தில் சக்தியை எழுந்தருளச் செய்து, வாள்கள் சூழக் கோயிலுக்கு எடுத்து வருகிறார்கள். கலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது பூசாரிக்கு மட்டுமே தெரியும். அர்ச்சுனன் வில்லை வாங்கிக்கொண்ட தண்ணீரிலிருந்துதான் திரௌபதி திரும்பி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று சம்பங்கி ஏரியைத் தேடிப் போகிறவருக்குக் கண்டீரவா ஸ்டேடியம்தான் கிடைக்கும். ஏரி போன கதையை நகரச் சூழலியல் ஆய்வாளர் ஹரிணி நாகேந்திராவும் சக ஆய்வாளர்களும் பழைய ஆவணங்களிலிருந்து தொகுத்திருக்கிறார்கள். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும் நகரத்துக்கு ஏரி தேவையில்லாமல் போயிற்று. தோட்டக்காரர்களுக்குத் தேவைப்பட்டது, அவர்கள் பேச்சு எடுபடவில்லை. ஏரி சுருங்கி, விளையாட்டு மைதானமாகி, 20ஆம் நூற்றாண்டில் ஸ்டேடியமும் வந்துவிட்டது. மிச்சம் வைத்தது ஒரு சின்னச் சதுரக் குளம். அதையும் வைத்ததற்குக் காரணம் கரகம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. தினமும் அங்கே இறங்கும் தமிழ்நாட்டுப் பயணிகளில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஏரிக்குள் நிற்பது தெரியும்?

ஏரிகளோடு அவற்றின் கீழிருந்த தோட்டங்களும் போயின. திகளர்கள் கீரையும் மல்லிகையும் வளர்த்த நிலம் கட்டிடங்களுக்குள் மறைந்தது. பட்டா, பத்திரம், நகரத் திட்ட வரைபடம் எதிலும் அவர்களுடைய பழைய ஊர் இல்லை. கரகத்தின் பாதையில் மட்டும் இருக்கிறது. கொடியேற்றத்துக்குப் பின் வரும் நாட்களில் பழைய நீர்நிலைகள் இருந்த இடங்களில் பூஜை நடக்கிறது. பௌர்ணமி இரவில் கே.ஆர். மார்க்கெட், காட்டன்பேட்டை என்று பழைய பேட்டைகளை ஊர்வலம் சுற்றி வருகிறது. ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தத் திருவிழாவை ஒரு நகரத்தின் நினைவாற்றலாகவே வாசித்தது. வாள்கள் அந்த நினைவுக்குத்தான் காவல் நிற்கின்றன. வழக்குமன்றத்தில் நிற்காத உரிமையை, வருடத்தில் ஓர் இரவு அவை தெருவில் நிறுத்துகின்றன.

இதில் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையால் பெங்களூர்த் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரர்களின் திருவிழா அந்த ஆண்டுக்கு முன்பும் பின்பும் இந்த ஊரின் திருவிழாவாகவே இருந்து வந்திருக்கிறது. கரகம் யாருடையது என்று கேட்டால் பெங்களூர்க்காரர் எங்களுடையது என்பார், அவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும். திகளர்களும் இன்று கன்னடச் சமூகமாகவே வாழ்கிறார்கள். பெயரில் மட்டும் பழைய ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாள்கள் போய் நிற்கும் இடங்களில் ஒன்று காட்டன்பேட்டையில் ஹஜ்ரத் தவக்கல் மஸ்தான் தர்கா. 18ஆம் நூற்றாண்டு சூஃபிக்கும் கரகத்துக்கும் எப்படி நட்பு ஏற்பட்டது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. எந்தக் கதையானாலும் கரகம் அங்கே நிற்காமல் போவதில்லை. 2020இலும் 2021இலும் கொரோனா கட்டுப்பாடுகளால் திருவிழா கோயில் வளாகத்துக்குள் சில பேரோடு முடிந்தது. 2022 ஏப்ரலில் மறுபடி தெருவுக்கு வரும் நேரத்தில், தர்காவுக்குப் போகக்கூடாது என்று சில இந்து அமைப்புகள் கோரின. ஹிஜாப் விவகாரத்தில் கர்நாடகமே கொதித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கோயில் நிர்வாகம் மரபு மாறாது என்றது. தர்கா தரப்பு வாருங்கள் என்றது. அந்த இரவு கரகமும் வாள்களும் வழக்கம்போல தர்கா வாசலில் நின்றன. திருவிழாவை வெளியிலிருந்து திருத்த வந்தவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கரகத்தின் பாதை தவறாமல் பார்த்துக்கொள்வதற்காகவே இந்த வாள்கள் பிறந்ததாகக் கதை சொல்கிறது.

இனி வரும் தலைமுறை வாள் பிடிக்குமா என்பதில் பெரிய சந்தேகம் தேவையில்லை. தோட்ட வேலை போனபின்னும் பிள்ளைகள் வேறு வேலைகளிலிருந்து திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள், கூட்டம் குறையவில்லை. பிரச்சினை தண்ணீர்தான். சக்தியை எடுத்து வர ஒரு நீர்நிலை வேண்டும், அது ஸ்டேடியத்தின் நிழலில் ஒரு தொட்டி அளவுக்கு வந்து நிற்கிறது. கோலார், மாலூர், ஆனேக்கல் என்று பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திகளர்கள் கரகம் எடுக்கிறார்கள். ஹொசகோட்டேயிலும் கரகம் உண்டு. அங்கே ஏரி இன்னும் இருக்கிறது.